வேதியியல் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஆய்வகத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிசகியிருந்தால் திருத்துங்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் முறைக்கான வகுப்பு இந்த ஆண்டு உங்கள் பொறுப்பில் வந்திருக்கிறது. 20 பேர், எல்லோரும் வேதியியல் பட்டதாரிகள். 2 மணி நேர ஆய்வக வகுப்புகள் 12 கிடைக்கும். பள்ளிப் பாடத்தில் வரும் சோதனைகளையே அவர்களைத் திரும்பச் செய்யவைத்தால் போதுமா, எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களாயிற்றே, அப்படியானால் எதற்கு மதிப்பெண் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். ஒரு சோதனையைத் தன் கையால் செய்யத் தெரிந்தவரை, இன்னொருவர் செய்யும்போது பக்கத்தில் நின்று கற்பிக்கத் தெரிந்தவராக எப்படி ஆக்குவது? 9 ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் எடுத்துவிட்டு, 18 ஆண்டுகளாக இதே வகுப்பை நடத்திவருகிறேன். என் பதில்: சோதனைகளைத் திரும்பச் செய்யவைப்பது போதாது. ஆனால் சோதனையே செய்யாமல் பேசிக்கொண்டிருப்பதும் ஆகாது.

உங்கள் மாணவர்கள் எந்த மாதிரி ஆய்வகத்தில் வளர்ந்து வந்திருக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1824இல் ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த யூஸ்டஸ் ஃபான் லீபிக், மாணவர்களைக் கூட்டமாக ஆய்வகத்தில் உட்காரவைத்து, பகுப்பாய்வைக் கையோடு பழக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அங்கே படித்தவர்கள் அதைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோனார்கள். இன்றைய கல்லூரி ஆய்வகம் பெருமளவு அந்த மரபில் வந்தது. வேதியியலாளர்களை உருவாக்க அது அருமையான முறை: கை தேறும், அளவு துல்லியமாகும், விடை சரியாக வரும். ஆனால் அந்த ஆய்வகத்தில் நம் கவனமெல்லாம் குடுவை மேல்தான் இருக்கும். கற்பிக்கிறவரின் கவனமோ குடுவையைப் பிடித்திருக்கும் பிள்ளையின் மேல் இருக்க வேண்டும். பட்டம் வாங்கிவருகிற யாருக்கும் இந்தத் திருப்பம் தானாக வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் 12 வகுப்புகளும் இதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். இருவர் இருவராகப் பிரித்துவிடுவேன். ஒருவர் வாய், மற்றவர் கை. பியூரெட்டில் (அடியில் திருகு உள்ள, அளவுகோடிட்ட நீளக் கண்ணாடிக் குழாய்) 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் (மோலார் என்பது செறிவின் அலகு), கூம்புக் குடுவையில் 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், நிறங்காட்டியாகக் காரத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும் பீனால்ப்தலீன். காரத்தை ஈடுகட்ட எவ்வளவு அமிலம் தேவை என்று சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன், எல்லோரும் நூறு தடவை செய்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: வாய் சொல்வதை மட்டும்தான் கை செய்ய வேண்டும், தனக்குத் தெரிந்ததைச் செய்யக் கூடாது. "பியூரெட்டைக் கழுவுங்க" என்பார் ஒருவர். கை அதைத் தண்ணீரில் கழுவிவிட்டு நிற்கும். "அமிலத்தை நிரப்புங்க." நிரப்பும். புனல் பியூரெட்டின் வாயிலேயே இருக்கும். குழாய் நுனியில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருக்கும். "அளவைப் பாருங்க" என்றதும் நின்ற இடத்திலிருந்தே அண்ணாந்து பார்க்கும். இளஞ்சிவப்பு மறைந்ததும் அளவைக் குறிப்பார்கள். மூன்று தடவையும் மூன்று விதமாக வரும். அமிலத்தால் ஒருமுறை அலசச் சொல்ல வேண்டும், புனலை எடுக்கச் சொல்ல வேண்டும், கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் வாய்க்குத் தோன்றவே இல்லை. தெரியாமல் இல்லை, கைக்குப் பழகிப்போனதால் மனசில் சொல்லாக நிற்கவில்லை. தனக்கு எது பழகிப்போயிருக்கிறது என்பதை அந்த 20 நிமிடத்தில் ஒவ்வொருவரும் கண்டுகொள்கிறார்கள். நான் அரை மணி நேரம் பேசினாலும் அது நடக்காது.

அதே சோதனையில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது, இதை விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் மட்டும் கழுவிய பியூரெட் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்யும், அதனால் அளவு கூடுதலாக வரும். கூம்புக் குடுவையைத் தண்ணீருக்குப் பதில் காரத்தால் அலசிவிட்டால் உள்ளே காரம் கூடிவிடும், அப்போதும் அளவு கூடுதலாகத்தான் வரும். நுனியில் இருந்த குமிழி நடுவில் வெளியேறினாலும் கூடுதல்தான். மாறாக, காரத்தை அளந்தெடுக்கும் பிப்பெட் தண்ணீரோடு ஈரமாக இருந்தாலோ, பியூரெட்டில் விட்ட புனலிலிருந்து நடுவில் சொட்டினாலோ அளவு குறையும். அதாவது, பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டுவரும் எண்ணை மட்டும் பார்த்து எந்தப் பிழை நடந்தது என்று ஆசிரியரால் சொல்ல முடியாது. மேசைக்கு மேசை நடந்து கைகளைப் பார்த்திருந்தால்தான் தெரியும். எந்தப் பிழைக்கு அளவு கூடும், எதற்குக் குறையும் என்ற இந்த அட்டவணையைப் பயிற்சி ஆசிரியர்கள் தாங்களே போட்டு முடித்ததும், மேசை முன்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்தும் பழக்கத்தின் மேல் அவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். கூம்புக் குடுவையைக் காரத்தால் அலசக் கூடாது, பியூரெட்டை அமிலத்தால் அலச வேண்டும், ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு பிள்ளை கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லச் சொல்லுங்கள். குடுவையில் முக்கியம் எத்தனை மோல், அதாவது மொத்தம் எவ்வளவு காரம், இருக்கிறது என்பது, பியூரெட்டில் முக்கியம் செறிவு. இதைத் தடுமாறாமல் சொல்கிற பட்டதாரி குறைவு.

நிச்சயமாகச் சொல்லக்கூடிய விஷயங்களில் முதலாவது இது: கையால் செய்தார்கள் என்பதால் கற்றார்கள் என்று ஆகிவிடாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளை நேரில் கவனித்து இயன் ஆப்ரகாம்ஸ், ராபின் மில்லர் இருவரும் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருட்களை வைத்துச் சொன்னதைப் பிள்ளைகளைச் செய்யவைப்பதில் ஆசிரியர்கள் பெரும்பாலும் வெற்றி பெறுகிறார்கள், அதன் பின்னால் உள்ள கருத்தை யோசிக்கவைப்பதில் அந்த அளவுக்கு இல்லை என்பது அவர்கள் கண்டது. என் வகுப்புகளில் நான் பார்ப்பதும் இதேதான். காரணத்தின் ஒரு பகுதியைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் விளக்கினார். வேதியியலில் நாம் மூன்று தளங்களில் ஒரே நேரத்தில் பேசுகிறோம்: கண்ணுக்குத் தெரியும் நீலக் கரைசல், கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டத் துகள்களான அயனிகள், தாளில் எழுதும் குறியீடு. 1991இல் அவர் இதை ஒரு முக்கோணமாக வரைந்தார். நமக்கு மூன்றும் ஒன்றாகிவிட்டன. புதிதாகக் கற்பவருக்கு நீலம் மட்டும்தான் இருக்கிறது, மற்ற இரண்டும் சத்தம். அதோடு புதுக் கருவிகளின் பெயர், புதுச் செய்கை, அளவு, எச்சரிக்கை, நேரம் எல்லாம் சேர்ந்தால் மனசு ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய சுமையைத் தாண்டிவிடுகிறது. சுமை தாண்டியவர் யோசிப்பதை நிறுத்திவிட்டுச் சமையல் குறிப்பைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே போவார். அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

ஆகவே ஒரு வகுப்பு முழுவதையும் குறிப்புத் தாளுக்கே கொடுங்கள். ஏதாவது ஒரு பள்ளிச் செய்முறைத் தாளை எடுத்து, முதன்முறையாகப் படிக்கும் பிள்ளைக்குப் புதிதாக இருக்கும் சொற்களுக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு, இந்த வகுப்பில் கற்பிக்க நினைக்கும் கருத்துக்கு எந்தப் படி தேவையில்லை என்று அடிக்கச் சொல்லுங்கள். அமிலம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதுதான் பாடம் என்றால் கரைசலை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிடலாம். கரைசல் தயாரிப்பதுதான் பாடம் என்றால் டைட்ரேஷனையே வேறொரு நாளுக்குத் தள்ளலாம். இரண்டையும் ஒரே வகுப்பில் திணிக்காதீர்கள். கடைசியாக, தாளின் நடுவில் எங்காவது ஓர் இடத்தில் "நிறுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்" என்று ஒரு கேள்வியை வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை எங்கே வைப்பது என்று நடக்கும் விவாதம்தான் அந்த வகுப்பின் சாரம்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன் மேல் கண்ணாடி ஜாடியைக் கவிழ்ப்பது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்று இதைப் பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். கவிழ்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதி வாங்கிவிடுவேன்: தண்ணீர் எப்போது ஏறும், சுடர் எரியும்போதா, அணைந்த பிறகா? எரிய எரிய ஏறும் என்று பெரும்பாலானோர் எழுதுவார்கள். பிறகு எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். ஜாடியைக் கவிழ்க்கும்போது சில சமயம் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியே வரும். சுடர் இருக்கும்வரை தண்ணீர் பெரிதாக அசையாது. சுடர் அணைந்ததும் சட்டென்று ஏறும். அடுத்து மூன்று மெழுகுவத்தி. தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். ஜாடியில் இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே, பின்னே ஏன்? அறையில் அப்போது விழும் மௌனம் முக்கியமானது, அவசரப்பட்டு அதை நிரப்பிவிடாதீர்கள். சூடான காற்று விரிந்து வெளியேறுவதும், சுடர் அணைந்தபின் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குவதும்தான் பெரும்பங்கு. ஆக்சிஜன் போன இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, அதிலும் கொஞ்சம்தான் கரையும். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. உண்மையிலேயே ஐந்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டுமென்றால், துருப்பிடிக்கக்கூடிய மெல்லிய இரும்பு நாரை ஈரப்படுத்தி அளவுகோடிட்ட குழாயின் அடியில் திணித்து, தண்ணீரில் கவிழ்த்துச் சில நாட்கள் விட்டுவிட்டால் போதும்.

இந்த முறைக்கு முன்கூறு, கவனி, விளக்கு என்று பெயர். ஒயிட், கன்ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் எழுதிய நூல் வழியாக இது பரவலானது. பெயரைவிட முக்கியமான நுணுக்கம் ஒன்று உண்டு: முன்கூறலை எழுதி வாங்க வேண்டும். வாயால் மட்டும் சொன்னால், பார்த்து முடித்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனசு மாற்றிக்கொள்ளும். பட்டதாரிகளும் இதற்கு விலக்கல்ல. தாங்களே தவறாக முன்கூறி, தாங்களே பார்த்து, தாங்களே திருத்திக்கொண்ட அனுபவம் ஒருமுறை கிடைத்துவிட்டால், பிள்ளையின் தவறான விடையைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பழக்கம் குறைவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எதிர்பார்த்தபடி வராத விடையை எப்படிக் கையாள்வது என்பதற்கு மெக்னீசியம் ஆக்சைடைப் பயன்படுத்துங்கள். 0.24 கிராம் மெக்னீசியத்தைக் குரூசிபிளில் (சூடு தாங்கும், மூடி போட்ட சிறு கிண்ணம்) எரித்தால் 0.40 கிராம் ஆக்சைடு வர வேண்டும். ஒரு குழு 0.36 கிராம் என்று கொண்டுவருகிறது. கணக்குப் போட்டால் மெக்னீசியமும் ஆக்சிஜனும் அணு எண்ணிக்கையில் 4:3 என்று வரும். பயிற்சி ஆசிரியர்களிடம் இந்தத் தாளைக் கொடுத்து, அந்தக் குழுவிடம் முதலில் என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள். "1:1 வரணும், அதையே எழுதிக்கோங்க" என்பதுதான் முதல் பதிலாக வரும், ஏனென்றால் அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்வது சூத்திரத்தை அல்ல, பார்த்ததை மாற்றி எழுதலாம் என்பதை. எனக்கு இதில் சமரசமே கிடையாது. மூடியைத் தூக்கியபோது வெண்புகையாக எவ்வளவு போனது, நாடா முழுக்க எரிந்ததா, காற்றில் உள்ள நைட்ரஜனோடு சேர்ந்து கொஞ்சம் நைட்ரைடு ஆகியிருக்குமா என்று அவர்கள் கேட்கப் பழக வேண்டும். நைட்ரைடு ஆன பகுதியில் எடை குறைவாகத்தான் கூடும். சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி சூடாக்கினால் அது ஆக்சைடாக மாறும், லேசாக அம்மோனியா வாசனையும் வரும். இன்னொரு நல்ல வழி, எல்லாக் குழுக்களின் எண்களையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைப்பது. தனியாகப் பார்த்தால் தோல்வியாகத் தெரிந்தது, சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கோட்டை ஒட்டி நிற்கும். பெரும்பாலான புள்ளிகள் அந்தக் கோட்டுக்கு ஏன் ஒரே பக்கமாக விழுகின்றன என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். விதிகளைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்யவைப்பது பயிற்சி ஆகாது. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் புட்டியில் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் இரண்டாவது தோலையும் கண்ணையும் அரித்துவிடும். எந்தச் செறிவு, எவ்வளவு, யார் கையில், எந்த இடத்தில் என்று ஒவ்வொரு சோதனைக்கும் அவர்களே எழுதிப் பழக வேண்டும். சில சோதனைகளை விட்டுவிடவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மெத்தனாலில் உலோக உப்புகளைக் கரைத்து வண்ணச் சுடர் காட்டும் செய்முறையால் வகுப்பறைகளில் பிள்ளைகள் கடுமையாகத் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் வேதிப் பாதுகாப்பு வாரியம் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. சுடர் மங்கியதும் அணைந்துவிட்டது என்று நினைத்துப் புட்டியிலிருந்து மெத்தனாலை ஊற்றுவார்கள். மெத்தனால் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆவி பற்றி, நெருப்பு புட்டியின் வாயிலிருந்து எதிரே இருப்பவர்கள் மேல் பீய்ச்சும். உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைச் சுடரில் காட்டினால் அதே நிறங்கள் கிடைக்கும்.

நான் பள்ளியில் ஆசிரியராக இருந்த நாட்களில் ஒருமுறை, கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒரு மாணவி பிப்பெட்டை வாயால் உறிஞ்சிவிட்டாள். நீர்த்த காரம், உடனே வாயைக் கழுவியதால் ஒன்றும் ஆகவில்லை. ரப்பர் பல்பு மேசையிலேயே இருந்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன் என்பதுதான் தவறு. அதனால் இப்போது பயிற்சி ஆசிரியர்களிடம் எங்கே நிற்பது என்பதையே தனியாகப் பழக்குகிறேன்: சுவரோரம், எல்லாக் கைகளும் தெரியும்படி. எழுத வேண்டியதை வகுப்பு தொடங்குமுன்பே எழுதிவிட வேண்டும். ஒரு குழுவோடு பேசும்போதும் மற்றக் குழுக்கள் கண்ணில் படும்படி திரும்பி நிற்க வேண்டும்.

முன்னோட்டம் பற்றிச் சுருக்கமாக. எத்தனை தடவை செய்திருந்தாலும், வகுப்பில் பயன்படுத்தப்போகும் அதே புட்டி, அதே கருவியோடு முன்கூட்டியே ஒருமுறை செய்து பார்க்காத சோதனையைப் பிள்ளைகள் முன் வைக்கக் கூடாது. கழிவு எங்கே போகும் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். அளவைக் குறைக்கவும் பழக்குங்கள். பிளாஸ்டிக் தாளின் மேல் இரண்டு சொட்டு, மூன்று சொட்டு வைத்துச் செய்தாலே வீழ்படிவுகளை நன்றாகப் பார்க்கலாம். வேதிப்பொருள் மிச்சம், கழிவு குறைவு, எல்லாவற்றையும்விட நேரம் மிச்சம். அந்த நேரம் பேச்சுக்கு.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. கேள்வியையும் வழியையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று முழுக்கத் திறந்துவிடுவது சிறந்ததா, படிப்படியாகக் கைபிடித்துப் போவது சிறந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. கேள்வி, வழி, விடை மூன்றில் எதை ஆசிரியர் தருகிறார், எதைப் பிள்ளையிடம் விடுகிறார் என்று பிரித்துப் பார்க்கும் முறையை 1960களில் ஜோசப் ஷ்வாப் முன்வைத்தார். நான் ஒரே சோதனையை, தயோசல்பேட்டும் அமிலமும் சேர்ந்து கலங்கி, குடுவைக்கு அடியில் உள்ள பெருக்கல் குறி மறையும் சோதனையை, விடையை மட்டும் பிள்ளையிடம் விட்டு, வழியையும் விட்டு, கேள்வியையும் விட்டு என்று மூன்று விதமாகவும் திட்டமிடச் சொல்கிறேன். எந்த வகுப்புக்கு எது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவர்களுடையது. தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் அதிகம் தேவை என்பது என் சொந்த முடிவு, அதை முடிவான உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினியில் செய்யும் மெய்நிகர் சோதனைகளும் அப்படித்தான். துகள் தளத்தைக் காட்ட அவை மிகவும் உதவுகின்றன. குமிழி மாட்டிய பியூரெட்டை அவை தருவதில்லை. ஆகவே முன் தயாரிப்புக்கு வைத்துக்கொள்கிறேன், மாற்றாக அல்ல.

என் அனுபவத்துக்கும் எல்லை இருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் 15 முதல் 25 பேர் கொண்ட குழுக்கள். 40 பேர் இருந்தால் வாய், கை பயிற்சிக்குக் கூடவே இன்னொரு மேற்பார்வையாளர் வேண்டும். பயிற்சியில் நன்றாகச் செய்தவர்கள் வேலைக்குப் போன பிறகு, நேரமும் கருவியும் இல்லாத இடத்தில் பழைய முறைக்கே திரும்புவதையும் பார்த்திருக்கிறேன். பயிற்சியால் மட்டும் அதைச் சரிசெய்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். 12 வகுப்புகளில் முதல் 5 வகுப்புகளை மேலே சொன்னவற்றுக்கு ஒதுக்கி, ஆறாவதிலிருந்து அவர்களே கற்பிக்கட்டும். ஒரு வகுப்பில் மூன்று பேர், ஆளுக்கு 20 நிமிடம், மீதி நேரம் கலந்துரையாடல். 7 வகுப்புகளில் 20 பேரும் முடித்துவிடலாம். சிலர் பிள்ளைகளாக நடிக்கும்போது, நீங்கள் இரகசியமாக ஒருவரிடம் பியூரெட்டில் புனலை விட்டுவைக்கச் சொல்லலாம், இன்னொருவரிடம் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லலாம்.

மதிப்பெண் கேள்விக்கு வருகிறேன். டைட்ரேஷன் அளவு எவ்வளவு துல்லியம் என்பதற்குப் போடாதீர்கள், அதற்குத்தான் அவர்களுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. திருத்திய குறிப்புத் தாளுக்குக் கொஞ்சம், இடர் பற்றிய திட்டத்துக்குக் கொஞ்சம், பெரும்பகுதியை அந்த 20 நிமிடத்துக்கு வையுங்கள். அதை மதிப்பிட, பார்வையாளராக உட்காரும் சக மாணவர் ஒருவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுப்பேன். அதில் மூன்றே கேள்விகள்: கற்பித்தவர் எத்தனை பேருடைய கைகளைப் பார்த்தார், எந்தப் பிள்ளையின் தவறான விளக்கத்தை முழுதாகக் கேட்டார், நீலத்திலிருந்து அயனிக்கு எந்த வாக்கியத்தில் தாவினார். கடைசிக் கேள்விக்கு, அந்த வாக்கியத்தை வார்த்தை மாறாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு காலியாகத் திரும்பி வந்தால், அடுத்த வாரம் அதே 20 நிமிடத்தை அவரையே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.